‘அல்லது’ என்னும் இடைச்சொல்: சுயமரியாதைத் திருமணச் சட்டமும் கற்பின் இடப்பெயர்வும்

கரணத்திற்கு ஒரு காலம்

தொல்காப்பியக் கற்பியலின் முதல் நூற்பா கற்பை உடல்தூய்மையாகவோ மனஉறுதியாகவோ வரையறுக்கவில்லை. கொடுத்தற்குரியோர் கொடுக்க, கொள்ளும் மரபினன் கரணத்தோடு கொள்வதே கற்பு என்பது அதன் பொருள். அங்குக் கற்பு என்பது பண்பன்று, ஒரு நடைமுறை. களவில் தொடங்கிய உறவு ஊரறிய ஏற்கப்படும் முறைமைக்கு வழங்கிய பெயர். அதனைத் தொடரும் நூற்பாக்கள் இன்னும் கூர்மையானவை. கொடுப்போர் இல்லாமல், இருவரும் உடன்போகிய நிலையிலும் கரணம் உண்டு என்கிறது ஒன்று. மேலோர் மூவர்க்கு வகுத்த கரணம் கீழோர்க்கும் உரியதான ஒரு காலம் உண்டு என்கிறது மற்றொன்று. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே பெரியோர் கரணத்தை அமைத்தனர் என்கிறது பிறிதொன்று. உரையாசிரியர்கள் இவற்றை வெவ்வேறு வகையாகப் பொருள்கொண்டாலும், நூற்பாக்களில் காலக்குறிப்பு இருப்பதை மறைக்க இயலாது. திருமண ஒழுங்கு என்றும் இருந்ததன்று, ஒரு காலத்தில் ஒரு காரணத்திற்காக ஏற்படுத்தப்பட்டது என்பதை இலக்கணநூலே ஒப்புக்கொள்கிறது.

அதே தொல்காப்பியம் களவியலில் வேறொரு கற்பையும் பேசுகிறது. உயிரைவிட நாணமும், நாணத்தைவிடக் கற்பும் சிறந்தது என்னும் முன்னோர் கூற்று அங்கு இடம்பெறுகிறது. இக்கற்பு நடைமுறையன்று, பெண்ணின் உயிரினும் மேலான ஒழுக்கம். ஆக, ஒரு சொல்லுக்குள் இரண்டு அடுக்குகள் உள்ளன. ஒன்று கரணம், மற்றொன்று கற்பொழுக்கம். முன்னது உறவினர், புரோகிதர், சொத்து, சாதி ஆகியவற்றோடு பிணைந்தது. பின்னது பெண்ணுடலோடும் அவ்வுடலின்மீது ஏற்றப்பட்ட தெய்வத்தன்மையோடும் பிணைந்தது. சிலப்பதிகாரம் இரண்டாம் அடுக்கை நகரை எரிக்கும் ஆற்றலாக வளர்த்தெடுத்தது.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் பாலியல் ஒழுங்கு அரசியலாக எதிர்க்கப்பட்ட வரலாற்றை இவ்விரு அடுக்குகளையும் பிரித்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சுயமரியாதை இயக்கம் இரண்டையும் ஒருசேரத் தாக்கியது. ஆனால் சட்டமாக வென்றது முதல் அடுக்கின் மீதான தாக்குதல் மட்டுமே. இரண்டாம் அடுக்கு தளரவில்லை, இடம் பெயர்ந்தது. புரோகிதரின் கையிலிருந்து தமிழ் அடையாளத்தின் கைக்கு அது மாறியது. இன்றுவரை எழும் பூசல்கள் பலவற்றின் வேர் இவ்விடப்பெயர்வில் இருக்கிறது.

கூட்டமாக மாறிய திருமணம்

பெரியார் 1928 ஜனவரியில் ‘குடி அரசு’ இதழில் எழுதிய ‘கற்பு’ என்னும் கட்டுரை, பின்னர்ப் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலின் முதல் இயலாயிற்று. அதன் வாதமுறை கவனிக்கத்தக்கது. அவர் கற்பை நேரே மறுத்துத் தொடங்கவில்லை; சொல்லின் பகுதியை ஆராய்ந்து தொடங்குகிறார். கல் என்னும் அடியிலிருந்து பிறந்த சொல்லில் பெண்பாலுக்கு மட்டுமான பொருள் ஏதும் இல்லை என்பதையும், ஒருபாற் கட்டாயமாக அது மாறியபோதே அடிமைத்தனத்தின் கருவியாயிற்று என்பதையும் அவர் நிறுவுகிறார். மொழியியல் நோக்கில் இச்சொல்லாராய்ச்சியின் நுட்பங்கள் விவாதத்திற்குரியவையாக இருக்கலாம். ஆயினும் அதன் அரசியல் உட்பொருள் தெளிவானது: இருபாலர்க்கும் பொதுவானால் இருக்கட்டும், ஒருபாலர்க்கு மட்டுமானால் ஒழியட்டும். விதிக்கு உள்ளேயே நின்று அதன் சமனின்மையை வெளிக்கொணரும் முறை இது.

அந்நூலின் பிற இயல்கள் சொத்துரிமை, கல்யாண விடுதலை, விதவையர் நிலை, கர்ப்பத்தடை என விரிகின்றன. கர்ப்பத்தடை பற்றிய இயல் தனித்துக் குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் கருத்தடையை ஆதரித்த பிறர் தாயின் உடல்நலம், பிள்ளைகளின் வலிமை, குடும்ப வறுமை, நாட்டின் மக்கட்பெருக்கம் ஆகியவற்றையே காரணங்களாகக் காட்டினர். பெரியார் இக்காரணங்களைப் பட்டியலிட்டுவிட்டு, தம் நோக்கம் இவற்றினும் வேறு, பெண்ணின் விடுதலையே அது என்று பிரித்துக்காட்டுகிறார். பெண்ணின் பாலியலை மகப்பேற்றிலிருந்து பிரித்தெடுத்த இவ்வாதம், கற்பின் இரண்டாம் அடுக்கின் மீது தொடுக்கப்பட்ட மிகக் கடுமையான தாக்குதலாகும். தமிழ்ச் சூழலில் பின்னாளில் அது தொடர்ச்சி பெறவில்லை. குடும்பக் கட்டுப்பாடு அரசுத் திட்டமாக வந்தபோது எஞ்சியவை பெரியார் ஒதுக்கிவைத்த அந்த மற்றக் காரணங்களே.

கருத்தளவில் நின்றிருந்தால் இவையெல்லாம் ஏடுகளில் முடங்கியிருக்கும். சுயமரியாதைத் திருமணம் என்னும் நடைமுறையே அவற்றைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. முதற் சுயமரியாதைத் திருமணமாகப் பலரும் குறிப்பது 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நடந்ததாகும். புரோகிதர் இல்லை, வடமொழி மந்திரம் இல்லை, நல்ல நேரம் பார்ப்பதில்லை, சிலவிடங்களில் இராகு காலமே வேண்டுமென்று தேர்ந்தெடுக்கப்பட்டது. மாறாக மேடை உண்டு, தலைமை தாங்குபவர் உண்டு, மணிக்கணக்கில் சொற்பொழிவு உண்டு. மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாக உறுதிமொழி கூறினர். விதவை மறுமணங்களும் சாதி மறுப்பு மணங்களும் இவ்வாறு நடந்தன. 1929இல் நடந்த குத்தூசி குருசாமி – குஞ்சிதம் திருமணம் அவ்வகையில் பெரிதும் பேசப்பட்டது. இத்தகைய திருமணங்களின் செய்திகள் ‘குடி அரசு’ இதழில் தொடர்ந்து வெளிவந்தன.

வீட்டு முற்றத்தில் உறவினர் சூழ நடக்கும் நிகழ்வு ஊர்ப் பொதுக்கூட்டமாக மாறியதே இங்கு நிகழ்ந்த பெருமாற்றம். யார் யாரோடு வாழலாம் என்னும் வினா பங்காளிகளின் தீர்ப்பிலிருந்து பொதுவிவாதத்திற்கு வந்தது. ஒரு வழக்கத்தை மீறுவோர் தனித்தனியே மறைவாக மீறினால் அது பழியாகவே முடியும். மேடையமைத்து, அழைப்பிதழ் அச்சிட்டு, தலைமையுரையோடு மீறினால் அது கொள்கையாகிறது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை, மணவிலக்குரிமை ஆகியவற்றைத் தீர்மானங்களாக நிறைவேற்றியபோது, அவற்றிற்குப் பின்னால் இவ்வாறு நடந்து முடிந்த மணங்களின் வலு இருந்தது.

இயக்கத்தின் எல்லைகளையும் சொல்லவேண்டும். திராவிட இயக்கத்தில் பெண்கள் நிலை குறித்து ச. ஆனந்தி எழுதிய ஆய்வும், வ. கீதா – எஸ்.வி. ராஜதுரை இணையரின் விரிவான வரலாறும் இயக்கத்தின் தீவிரத்தையும் அதன் தளர்வையும் ஒருங்கே பதிவுசெய்துள்ளன. சுயமரியாதைத் திருமணங்களுள் பல ஒரே சாதிக்குள் நடந்தவை. பலவற்றில் தாலி நீடித்தது. புரோகிதரை விலக்குவது எளிது. மாமன் மகளை விலக்குவது கடினம்.

தேவதாசி ஒழிப்பு விவாதத்திலும் இதே இரட்டைத்தன்மையைக் காணலாம். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் இந்து அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டு, கோயிற்பணி என்னும் கட்டாயத்திலிருந்து தேவதாசியரின் மானிய நிலங்கள் விடுவிக்கப்பட்டன. பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவல், அவ்வமைப்பில் மிராசுதார்களும் மைனர்களும் பெற்ற ஆதாயத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவரின் சினத்தோடு வெளிப்படுத்தியது. ஆயினும் ஒழிப்பை எதிர்த்து விண்ணப்பித்த தேவதாசியரும் இருந்தனர். கணவனின்றிச் சொத்து வைத்திருக்கவும், தாய்வழியில் வாரிசுரிமை பெறவும், பெண்குழந்தையைத் தத்தெடுக்கவும் தங்களுக்கிருந்த உரிமைகளை அவர்கள் அறிந்திருந்தனர். சுரண்டலை ஒழித்த சீர்திருத்தம் அவ்வுரிமைகளுக்கு மாற்றாக எதையும் வைக்கவில்லை. குடும்பப்பெண் என்னும் ஒரே வடிவமே மதிப்பிற்குரியதாக எஞ்சியது.

வைப்பாட்டி ஆக்கப்பட்ட மனைவியர்

1950களின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் ஒரு சொத்துவழக்கு வந்தது. 1934இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லுமா என்பது அதில் எழுந்த வினா. சாத்திரப்படியான சடங்குகள் நிகழவில்லை. நெடுங்காலமாகத் தொடரும் சாதிவழக்கம் என்றும் அதனைக் கொள்ள இயலாது. ஆகவே அது இந்துச் சட்டப்படி திருமணமாகாது என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. தீர்ப்பின் தருக்கம் குறைபாடற்றது எனலாம். அதன் விளைவோ கொடியது. மேடையில் ஊரறிய மணந்த பெண்கள் சட்டத்தின் கண்ணில் வைப்பாட்டியராயினர். அவர்கள் பெற்ற பிள்ளைகளின் வாரிசுரிமை கேள்விக்குள்ளாயிற்று.

பாலியல் ஒழுங்கு எங்கிருந்து தன் வலிமையைப் பெறுகிறது என்பதை இத்தீர்ப்பு ஆயிரம் சொற்பொழிவுகளைவிடத் தெளிவாகக் காட்டியது. அவ்வொழுங்கை மீறியோர் இழிசொல்லைத் தாங்கினர், ஊர்விலக்கையும் தாங்கினர். பத்திரப்பதிவு அலுவலகத்தின் வாயிலிலும் பாகப்பிரிவினை வழக்கிலும் வந்து நின்ற இழப்பை அவ்வாறு தாங்க முடியவில்லை. கற்பு என்பது இறுதியில் எந்தப் பிள்ளைக்கு எந்த நிலம் சேரும் என்னும் கணக்கோடு முடிச்சிடப்பட்டிருந்தது.

1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா அரசு, இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. சுயமரியாதைத் திருமணம், சீர்திருத்தத் திருமணம் என்னும் தமிழ்ப் பெயர்களை அப்பிரிவு அப்படியே எடுத்தாண்டது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் ஒரு மொழியில் ஒருவரையொருவர் மனைவியாகவும் கணவனாகவும் ஏற்பதாகக் கூறினால் போதும். அல்லது மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ போதும். அல்லது தாலி கட்டினால் போதும். முன்னர் நடந்து முடிந்த அத்தகைய திருமணங்களும் முன்தேதியிட்டுச் செல்லுபடியாக்கப்பட்டன.

இதில் ஒவ்வொரு வகையையும் இணைக்கும் ‘அல்லது’ என்னும் சொல்லே சட்டத்தின் உயிர்நாடி. ‘மேலும்’ என்றிருந்தால் தாலி கட்டாயமாகியிருக்கும். ‘அல்லது’ என்றமையால் தாலி விருப்பமாயிற்று. தாலியைத் தடைசெய்யாமல், இழிவுபடுத்தாமல், பலவற்றுள் ஒன்றாக ஆக்கியதன் வழியே அதன் கட்டாயத்தன்மை நீக்கப்பட்டது. மீறல் விதிவிலக்காக மன்னிக்கப்படவில்லை. விதியின் பல வடிவங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. புரோகிதரைப் பற்றிச் சட்டம் ஒரு சொல்லும் பேசவில்லை. அம்மௌனமே அவரைத் தேவையற்றவராக்கியது.

ஆனால் வெற்றிக்குள் ஒரு முரணும் உண்டு. அப்பிரிவு ‘இரு இந்துக்களுக்கு’ இடையிலான திருமணங்களுக்கே பொருந்தும். இந்து மதத்தை மறுக்கும் செயலாகத் தொடங்கிய திருமணம், இந்துத் திருமணத்தின் ஒரு வகையாகச் சட்டத்தில் இடம்பெற்றது. பிற மதத்தவரை மணப்போர் சிறப்புத் திருமணச் சட்டத்தின் அறிவிப்புக் காலத்தையும் அதனால் வரும் இடர்களையும் எதிர்கொண்டே ஆகவேண்டும். பெரியாரோ பிற்காலத்தில் திருமணம் என்னும் அமைப்பையே சட்டவிரோதமாக்க வேண்டும் என்னும் அளவுக்குச் சென்றார். அவருடைய வினா அமைப்பைப் பற்றியது; சட்டம் விடையளித்தது சடங்கைப் பற்றி.

கடற்கரையில் ஒரு சிலை

அதே 1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதனையொட்டி மெரினா கடற்கரையில் நிறுவப்பட்ட சிலைகளுள் கையில் சிலம்பேந்திய கண்ணகி சிலையும் ஒன்று. தாலியை விருப்பமாக்கிய சட்டத்தையும் கற்பின் தெய்வத்தைத் தெருவில் நிறுத்திய சிலையையும் ஒரே அரசு ஏறத்தாழ ஒரே வேளையில் தந்தது. இதனைத் தற்செயல் என்று ஒதுக்குவதற்கில்லை.

சிலப்பதிகாரம் அரசியல் காப்பியமாக மீட்டெடுக்கப்பட்ட வரலாறு இதற்கு முன்னரே தொடங்கியது. ம.பொ. சிவஞானம் அதனைத் தமிழின ஒருமைப்பாட்டின் காப்பியமாகப் பரப்பினார். பாரதிதாசன் கண்ணகியைப் புரட்சிக்காப்பியத் தலைவியாக்கினார். மு. கருணாநிதியின் உரையாடலோடு ‘பூம்புகார்’ திரைப்படம் 1964இல் வந்தது. அரசனை எதிர்த்து நீதி கேட்ட பெண் என்னும் கூறு இவற்றில் உயர்த்திப்பிடிக்கப்பட்டது உண்மையே. ஆயினும் அவளுக்கு நீதி கேட்கும் ஆற்றலைத் தருவது எது என்னும் வினாவுக்குக் காப்பியம் தரும் விடை கற்பு. அந்த விடையை வைத்துக்கொண்டு வினாவை மட்டும் புரட்சியாக்க இயலவில்லை. சிலப்பதிகாரத்தைப் பெண்ணடிமைக் காப்பியமென்று பெரியார் தொடர்ந்து சாடியதன் காரணம் இதுவே. அவருடைய வாரிசுகள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள் இவ்வொரு செய்தியில் அவரைக் கேட்கவில்லை.

அரசியல் நோக்கில் இதற்கு ஒரு காரணமும் கூறலாம். புரோகிதமும் வடமொழியும் வெளியிலிருந்து வந்தவை என்று காட்டப்பட்டதால், அவற்றை நீக்குவது தமிழ்த்தன்மையை மீட்பதாயிற்று. கற்பையும் வெளியிலிருந்து வந்ததாகக் காட்டவேண்டுமானால் சங்க இலக்கியத்தோடும் சிலம்போடும் மோதவேண்டியிருக்கும். அந்த மோதலுக்கு வாக்கு அரசியல் ஆயத்தமாக இல்லை. ஆகவே கற்பு, மதத்தின் விதி என்னும் நிலையிலிருந்து பண்பாட்டின் பெருமை என்னும் நிலைக்கு உயர்ந்தது. மதவிதியை மறுப்பவனை நாத்திகன் எனலாம். பண்பாட்டை மறுப்பவள் தமிழ்ப் பகைவராகிவிடுகிறாள். இரண்டாவது பழி முன்னதைவிடக் கனமானது. அக்கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டதும், பெரும் எதிர்ப்பிற்குப் பின் 2006இல் மீண்டும் நிறுவப்பட்டதும், அச்சின்னம் எவ்வளவு கனமேறியிருந்தது என்பதற்குச் சான்று.

இக்கனத்தை முதலில் தாங்கியோர் பெண் எழுத்தாளர்கள். குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு 2002இல் வெளிவந்ததைத் தொடர்ந்து, அவரும் சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி முதலியோரும் எதிர்கொண்ட வசைகள் நினைவுகூரத்தக்கவை. அவர்களை எதிர்த்தோர் சாத்திரத்தை மேற்கோள் காட்டவில்லை. தமிழ்ப் பண்பாட்டையே மேற்கோள் காட்டினர். முலை என்னும் சொல் சங்க இலக்கியத்தில் எத்தனை இடங்களில் வருகிறது என்பது தமிழ் கற்றோர்க்குத் தெரியும். சிக்கல் சொல்லில் இல்லை, சொன்னவரிடத்தில் இருந்தது. வருணிக்கப்பட்டு வந்த உடல் தானே எழுதத் தொடங்கியதே குற்றமாயிற்று.

2005இல் நடிகை குஷ்பு, திருமணத்திற்கு முந்தைய பாலுறவு குறித்து ஒரு வார இதழுக்குத் தெரிவித்த கருத்து இதனைத் தெருவுக்கே கொண்டுவந்தது. தமிழ்ப் பெண்களின் கற்பு இழிவுபடுத்தப்பட்டது என்று மாநிலமெங்கும் போராட்டங்கள் எழுந்தன. பல நீதிமன்றங்களில் புகார்கள் பதிவாயின. அப்போராட்டங்களில் முன்நின்ற கட்சிகள், தாம் சமூகநீதி அரசியலின் வழிவந்தவை என்று கூறிக்கொள்பவை என்பது இக்கட்டுரையின் வாதத்திற்கு முதன்மையானது. 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் 23 புகார்களையும் நீக்கியது. வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவு, அன்றிருந்த பிறன்மனைப் புணர்ச்சிக் குற்றப்பிரிவு நீங்கலாக, சட்டத்தின்படி குற்றமன்று. சமூக ஒழுக்கமும் குற்றவியற் சட்டமும் ஒன்றல்ல என்பன அத்தீர்ப்பின் சாரம். அந்த நீங்கலும் 2018இல் நீங்கியது.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்து, நான்கு ஆண்டுகள் கழித்து 2014 டிசம்பரில் எதிர்க்கப்பட்டது. இந்நாவலில் கற்பின் விதியை மீறுவது தனிமனிதர் அல்லர். ஊரும் குடும்பமும் கோயில் திருவிழாவும் சேர்ந்து ஓர் இரவுக்கு அவ்விதியைத் தளர்த்துகின்றன. குழந்தையில்லாப் பொன்னாளை அவ்விரவுக்கு அனுப்பத் துடிப்போர் அவளுடைய தாயும் மாமியாரும் உடன்பிறந்தானும். வம்சம் தொடரவேண்டும், நிலத்திற்கு வாரிசு வேண்டும் என்னும் தேவையின் முன் கற்பு வளைந்து கொடுக்கிறது. அதனைத் தாங்கமுடியாதவனாக எஞ்சுபவன் காளி மட்டுமே. கற்பு வம்சத்திற்குப் பணிபுரியும் ஒரு கருவி, வம்சத்தைவிடப் பெரிதன்று என்பதை நாவல் எந்த வாதமுமின்றிக் காட்டிவிடுகிறது. திருச்செங்கோட்டில் எழுந்த சினத்திற்கு இவ்வெளிப்பாடே உண்மைக் காரணம் என்று கருத இடமுண்டு. அதிகாரிகள் கூட்டிய ‘அமைதிப் பேச்சு’க்குப் பின் 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தீர்ப்பளித்தது.

இவ்விரு தீர்ப்புகளும் வரவேற்கத்தக்கவையே. ஆனால் இரண்டும் காத்தது பேச்சுரிமையை. கற்பு பற்றி ஒருவர் மாறுபட்டுப் பேசலாம், எழுதலாம் என்பது உறுதியாயிற்று. மாறுபட்டு வாழலாமா என்னும் வினா அங்குத் தீர்க்கப்படவில்லை.

உடன்போனோர்க்கும் கரணம்

மாறுபட்டு வாழ்தல் என்னும் வினாவுக்கு விடை தேடியவர்கள் மீண்டும் வந்து நின்ற இடம் அதே 7அ பிரிவுதான். 2001இல் ஒரு வழக்கில், இரண்டாம் திருமணம் செய்த ஆண் ஒருவர், ஏழடி எடுத்துவைக்கும் சடங்கு நடக்கவில்லை, ஆகவே அது திருமணமே அன்று, இருதார மணக் குற்றமும் இல்லை என்று வாதிட்டார். சடங்கின்மை ஒரு காலத்தில் பெண்ணை வைப்பாட்டியாக்கப் பயன்பட்டது. இப்போது ஆணைத் தப்புவிக்கப் பயன்பட இருந்தது. 7அ பிரிவின்படி தாலி கட்டியதே போதும் என்று கூறி உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது.

2014இல் சென்னை உயர்நீதிமன்றம் வேறு திசையில் சென்றது. வழக்கறிஞர் அலுவலகங்களில் மறைவாக நடக்கும் திருமணங்கள் உரிய திருமணங்கள் ஆகா. ஊரறிய நடப்பதே திருமணம் என்றது. சுயமரியாதைத் திருமணம் மேடையில் பிறந்தது என்பதால் இவ்வாதம் மேலோட்டமாகப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் இடைப்பட்ட காலத்தில் நிலைமை தலைகீழாகிவிட்டது. சாதி மீறி மணப்போரைத் துரத்திக் கொல்லும் ஆணவக் கொலைகள் பெருகிய சூழலில், ஊரறிதல் என்பது பாதுகாப்பன்று; கொலைக்கான முன்னறிவிப்பு. 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்றியது. குடும்பத்தின் அழுத்தத்திற்கு ஆளாகும் இணையர் பொது அறிவிப்புச் செய்யும் நிலையில் இருக்கமாட்டார்கள். அதனை வற்புறுத்துவது அவர்களுடைய உயிருக்கே ஊறாகலாம் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. கொடுப்போர் இல்லாமலும் உடன்போகியோர்க்குக் கரணம் உண்டு என்ற தொல்காப்பிய நூற்பாவை நீதிமன்றம் சுட்டவில்லை. சுட்டியிருந்தால் பண்பாட்டின் பெயரால் பேசுவோர்க்கு அது நல்ல விடையாக இருந்திருக்கும்.

பால் வேறுபாட்டின் எல்லையில் இச்சட்டம் இன்னும் கடுஞ்சோதனையைச் சந்திக்கிறது. 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. இதுவும் ஒரு சொல்லின் பொருளை விரித்து விதியைத் தளர்த்தும் முறையே. பெரியார் கற்பு என்னும் சொல்லைக் கையாண்ட முறையோடு இதனை ஒப்புநோக்கலாம். 2018இல் தன்பாலுறவு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தபின், வீட்டைவிட்டு வந்த இரு பெண்கள் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணை, காவல்துறை, மருத்துவம், கல்வி என ஒவ்வொரு துறையையும் பொறுப்பாக்கியது. அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு காவலர் நடத்தை விதிகளில் 2022இல் திருத்தம் கொண்டுவந்தது. பால், பாலினம் தொடர்பான மதிப்புக்குரிய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அரவாணிகள் நலவாரியம் 2008இல் தொடங்கியபோது இருந்த சொல் இன்று வழக்கிழந்து, திருநங்கை, திருநம்பி, திருநர், பால்புதுமையர், தன்பாலீர்ப்பு என்னும் சொற்கள் நாளிதழ்வரை பரவியுள்ளன. பழிச்சொல் மட்டுமே இருந்த இடத்தில் பெயர்ச்சொல் வந்தமை சிறிய மாற்றமன்று. பெயரில்லாத ஒன்றுக்காக மனு எழுதக்கூட முடியாது.

தன்பால் இணையரின் திருமண உரிமையை 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. 7அ பிரிவைப் படிப்போர்க்கு அதன் எல்லையும் அப்போது புலனாகியிருக்கும். சடங்குகளுக்கிடையே ‘அல்லது’ இட்ட அச்சட்டம், ஏற்போரை ஒருவரை மனைவி, மற்றவரைக் கணவன் என்று நிலைப்படுத்தியே எழுதுகிறது. எவ்வாறு மணப்பது என்பது திறந்துவிடப்பட்டது. யார் யாரை என்பது மூடியே இருந்தது.

எனினும் அதே பிரிவில் அதிகம் கவனிக்கப்படாத மற்றோர் ‘அல்லது’ உண்டு. திருமணத்திற்குச் சாட்சியாவோர் உறவினர், நண்பர் அல்லது பிறர். கொடுப்போர் என்று எவரையும் சட்டம் கேட்கவில்லை. தந்தைக்கும் தாய்மாமனுக்கும் உரிய இடத்தில் நண்பர்களும் அயலாரும் நிற்கலாம் என்று 1968இலேயே ஒப்புக்கொண்டுவிட்டது. 2025 மே மாதம், பெற்றோரால் தடுத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணை மீட்கக் கோரி அவருடைய தோழி தொடர்ந்த ஆட்கொணர்வு மனுவில் சென்னை உயர்நீதிமன்ற அமர்வு, திருமணம் ஒன்றே குடும்பத்தை உருவாக்கும் வழியன்று என்றும், தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்னும் கருத்து ஏற்கத்தக்கது என்றும் கூறி, அப்பெண்ணைத் தம் விருப்பப்படி செல்லவிட்டது. பெற்றோர் அவரைத் தடுக்கக்கூடாது என்றும், தேவைப்படும்போது இருவருக்கும் காவல்துறை பாதுகாப்பளிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது.